இன்னொரு தடவை ஐ.பி. போட முடியுமா?

திருப்பூர் வீரபாண்டியில் பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்: “2011-ல் சாயப்பட்டறைகளை மூடியபோது கடன் கழுத்தை நெரித்தது. அடுத்த வருஷம் ஐ.பி. (நொடிப்பு மனு) போட்டேன், கோர்ட்டில் ஆர்டரும் ஆனது. வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பது நின்றது. அதோடு நானும் கோர்ட் பக்கம் போகவில்லை. கொஞ்ச காலம் மச்சான் பேரில் யூனிட் ஓட்டி, பிறகு என் பேருக்கே மாற்றிக்கொண்டேன். இப்போது அமெரிக்க ஆர்டர் நின்றதில் மறுபடியும் கடன். இன்னொரு தடவை ஐ.பி. போடலாமா? எத்தனை வருஷம் கழித்துப் போடலாம்?”

போடலாம். இத்தனை வருஷம் இடைவெளி வேண்டும் என்று நமக்குப் பொருந்தும் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் முதல் ஐ.பி. எப்படி முடிந்தது என்று சட்டம் கேட்கும். மேலே கேட்டவருடையது இன்னும் முடியவே இல்லை என்பதுதான் என் சந்தேகம். கடன் கொடுத்தவர்களுக்கு மஞ்சள் நோட்டீஸ் அனுப்பியதோடு கதை முடிந்தது என்று நம் ஊரில் பெரும்பாலானோர் நினைத்துக்கொள்கிறார்கள். கோர்ட்டைப் பொறுத்தவரை கதை அங்கேதான் தொடங்குகிறது.

எட்டு வருஷக் கணக்கு ஒன்று வீடியோக்களில் சுற்றுகிறது. அது அமெரிக்கச் சட்டம். அங்கே சாப்டர் 7 என்ற முறையில் ஒருமுறை கடனிலிருந்து விடுபட்டவர், அந்த முதல் மனு போட்ட தேதியிலிருந்து எட்டு வருஷம் ஆன பிறகு போடும் மனுவில்தான் அதே முறையில் மறுபடி விடுதலை பெற முடியும். திருப்பூர் கோர்ட்டில் அதைச் சொல்லி ஒரு பயனும் இல்லை.

இங்கே நடைமுறையில் இருப்பது 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம். சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்று நகரங்களுக்கு மட்டும் 1909-ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. 2016-ல் ஐ.பி.சி. என்ற புதிய திவால் சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. அதன் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் என்றே எழுதப்பட்டது. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் அது அமலுக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும். தன் பேரில் புரொப்ரைட்டராகத் தொழில் செய்பவருக்கு இன்றும் பழைய சட்டமே பொருந்தும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசே இதை விளக்கியும் சொன்னது. ஆகவே வீரபாண்டிக்காரர் ஐ.பி. போட வேண்டிய இடம், குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் எல்லைக்குரிய திருப்பூர் நீதிமன்றம்.

நூறு வருஷப் பழைய சட்டம் என்பது அதில் உள்ள தொகைகளைப் பார்த்தாலே தெரியும். கடனாளி மனுப் போட, கடன் 500 ரூபாய் இருந்தால் போதும். இல்லாவிட்டால் கடன் டிகிரிக்காகக் கைதாகி இருக்க வேண்டும், அல்லது டிகிரியில் சொத்து ஜப்தியாகி இருக்க வேண்டும். கூடவே கடனைக் கட்ட வழியில்லை என்று முதல் பார்வைக்குக் காட்டினால் உள்ளே போய்விடலாம். மனுப் போட்டவர் யோக்கியரா, ஏமாற்றுகிறாரா என்பதைக்கூட அந்தக் கட்டத்தில் பெரிதாகப் பார்ப்பதில்லை. 1916-ல் லண்டன் பிரிவி கவுன்சில், சத்ரபத் சிங் துகர் வழக்கில், அப்போதிருந்த 1907-ஆம் வருஷச் சட்டத்தை வைத்து இதைத் தீர்த்துவைத்தது. நிபந்தனைகள் பொருந்தினால் நொடித்தவர் என்று அறிவிக்கும்படி கேட்பது கடனாளியின் உரிமை. அவர் நடத்தை சரியில்லை என்றால் அதை டிஸ்சார்ஜ் கேட்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்றுவரை வக்கீல்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

ஆகவே முக்கியமானது டிஸ்சார்ஜ், அதாவது கடனிலிருந்து விடுவிக்கும் ஆர்டர். நொடித்தவர் என்று ஆர்டர் போடும்போதே, இத்தனை மாதத்துக்குள் டிஸ்சார்ஜ் கேட்டு வர வேண்டும் என்று கோர்ட் கெடு வைக்கும். பிரிவு 27 அதைச் சொல்கிறது. அந்த வரி ஆர்டரின் கடைசியில் இருக்கும். யாரும் படிப்பதில்லை. கெடுவுக்குள் மனுப் போடாவிட்டாலும், போட்டுவிட்டு விசாரணைக்கு வராவிட்டாலும், பிரிவு 43-ன்படி அந்த ஆர்டரையே கோர்ட் ரத்து செய்யலாம்.

இரண்டாவது ஐ.பி. பற்றிய நேரடி விதி பிரிவு 10-ன் இரண்டாவது உட்பிரிவில் இருக்கிறது. வக்கீலைப் பார்க்கும்போது இந்த எண்ணைச் சொல்லியே கேளுங்கள். டிஸ்சார்ஜுக்குப் போகாததால் முதல் ஆர்டர் ரத்தாகியிருந்தால், ரத்து செய்த அதே கோர்ட்டின் அனுமதி இல்லாமல் மறுபடி ஐ.பி. போட முடியாது. அனுமதி கொடுக்க இரண்டே காரணங்கள். ஒன்று, அன்றைக்கு டிஸ்சார்ஜ் கேட்கவோ நடத்தவோ முடியாமல் போனதற்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். இல்லையென்றால், இப்போதைய மனுவின் சங்கதிகள் பழைய மனுவின் சங்கதிகளிலிருந்து கணிசமாக வேறுபட்டவை என்று காட்ட வேண்டும்.

நம் கேள்விக்காரருக்கு இரண்டாவது காரணம் பொருந்தி வர வாய்ப்பிருக்கிறது. 2012-ல் இருந்தது சாயப்பட்டறை மூடியதால் வந்த கடன்.  நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது 2011 ஜனவரி 28. மனுவில் தேதிகள் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இப்போதைய கடன், 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு, ஆர்டர் நின்றதில் வந்தது. கடன் கொடுத்தவர்கள் வேறு, காரணம் வேறு, தொழில்கூட வேறு. ஆனால் பழைய கடன்காரர்களையும் புது மனுவில் சேர்க்க வேண்டியிருக்குமே என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். புதுக் கடன் எவ்வளவு, பழைய கடன் எவ்வளவு என்று இரண்டு தனிப் பட்டியல் போட்டுப் புதியதே பெரும்பகுதி என்று காட்டினால் வாதம் நிற்கும்.

பழைய கடன் பத்து வருஷம் தாண்டிவிட்டது, காலாவதி ஆகியிருக்கும் என்று தைரியமாக இருப்பவர்களும் உண்டு. அந்தத் தைரியம் வேண்டாம். ஆர்டர் ரத்தானால், ஆர்டர் போட்ட நாளிலிருந்து ரத்தான நாள்வரை உள்ள காலத்தைக் காலவரம்புக் கணக்கில் கழித்துக்கொள்ள பிரிவு 78 கடன் கொடுத்தவருக்கு இடம் தருகிறது. செத்துவிட்டது என்று நினைத்த புரோநோட்டு எழுந்து வந்து நிற்கும்.

முதல் மனு விசாரணை நிலையிலேயே தள்ளுபடி ஆகியிருந்தால் இந்த அனுமதிச் சிக்கல் இல்லை. ஏன் தள்ளுபடி ஆனது என்று புது மனுவில் சொன்னால் போதும். கடனை முழுக்கக் கட்டித் தீர்த்து ஆர்டரை ரத்து செய்துகொண்டவருக்கும் 10(2) குறுக்கே வராது. முறையாக டிஸ்சார்ஜ் வாங்கியவர் மறுபடி நொடித்தால் மறுபடி வரலாம், அவருக்கும் தடை இல்லை. ஆனால் இவர்கள் யாராக இருந்தாலும் முந்தைய ஐ.பி. பற்றி மனுவில் எழுதியே ஆக வேண்டும். பிரிவு 13 அதைக் கட்டாயமாக்குகிறது: முன்பு எப்போதாவது மனுப் போட்டதுண்டா, தள்ளுபடியா, ஆர்டரா, ரத்தா, எதனால். “அது அந்தக் காலத்து கேஸ், யாருக்குத் தெரியப் போகிறது” என்று டைப்பிஸ்ட்டிடம் “இல்லை” என்று அடிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நீதிமன்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுகிற வேலையைத்தான் கடன் கொடுத்த நூல் கடைக்காரரின் வக்கீல் முதலில் செய்வார். முந்தைய ஐ.பி.யை ஒப்புக்கொண்டால் அது ஒரு விளக்கம் சொல்ல வேண்டிய விஷயம். மறைத்து மாட்டிக்கொண்டால், பிறகு நீங்கள் சொல்லும் உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி மோசமான நிலைமை. ஆர்டர் ஆனது, டிஸ்சார்ஜ் கேட்கவில்லை, கோர்ட்டும் ரத்து செய்யவில்லை. கோப்பு அப்படியே அலமாரியில் கிடக்கிறது. சட்டத்தின் கண்ணில் நீங்கள் 2012-லிருந்து இன்றுவரை டிஸ்சார்ஜ் ஆகாத நொடித்தவர். இதன் பொருள் என்னவென்று பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. பிரிவு 28-ன் நான்காவது உட்பிரிவைப் பாருங்கள்: ஆர்டருக்குப் பிறகு, டிஸ்சார்ஜுக்கு முன்னால் நீங்கள் சம்பாதித்த சொத்தும், உங்களுக்கு வந்து சேர்ந்த சொத்தும் உடனடியாகக் கோர்ட் அல்லது அது நியமித்த ரிசீவர் வசம் போய்விடும். ஓவர்லாக் மெஷின், பிளாட்லாக் மெஷின், ஜெனரேட்டர், அப்பா இறந்த பிறகு வந்த பாகம், எல்லாமே பழைய கடன்காரர்கள் கைவைக்கக்கூடியவை. சட்டப்படி ஜப்தி செய்ய முடியாத உடுப்பு, சமையல் பாத்திரம், கைத்தொழிலாளியின் கருவி போன்றவைதான் தப்பும். பத்து ஆளை வைத்து யூனிட் நடத்துகிறவர் மெஷினைக் கைத்தொழில் கருவி என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

இன்னொன்று பிரிவு 72. டிஸ்சார்ஜ் ஆகாதவர், தான் அப்படிப்பட்டவர் என்று சொல்லாமல் 50 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடன் வாங்கினால் குற்றம். ஆறு மாதம்வரை சிறை. 50 ரூபாய்க்கு இன்று ஒரு கிலோ நூல்கூட வராது. அதாவது நீங்கள் கடனுக்கு எடுத்த ஒவ்வொரு மூட்டையும் இந்தப் பிரிவுக்குள் வரும். இது தினமும் யாரையும் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும் பிரிவு இல்லைதான். ஆனால் கோபத்தில் இருக்கும் கடன்காரர் கையில் இதைக் கொடுத்துவிட்டு இரண்டாவது ஐ.பி. போடப் போகக் கூடாது. இந்த நிலையில் இருப்பவருக்கு என் ஆலோசனை, புது மனுவை ஒத்திவையுங்கள் என்பதே. பழைய கோர்ட்டிலேயே, கெடுவை நீட்டிக்கச் சொல்லி, தாமதத்துக்குக் காரணம் காட்டி மனுப் போடுங்கள். போதிய காரணம் இருந்தால் நீட்டிக்கப் பிரிவு 27-ல் இடம் இருக்கிறது. கையோடு டிஸ்சார்ஜும் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் கேட்டவுடன் கிடைக்குமா? முழு டிஸ்சார்ஜ் மறுக்க வேண்டிய சந்தர்ப்பங்களைப் பிரிவு 42 வரிசையாகச் சொல்கிறது. சொத்து விற்று வந்தது ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறாமல் இருப்பது முதலாவது. உங்கள் தவறு இல்லாமல் அப்படி ஆனது என்று காட்டினால் அதிலிருந்து தப்பலாம். நொடிப்பதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கு ஒழுங்கான கணக்குப் புத்தகம் வைக்காதது இன்னொன்று. நொடித்துவிட்டது என்று தெரிந்தும் தொழிலைத் தொடர்ந்தது, திருப்பித் தர வழியில்லாமல் கடன் வாங்கியது, சூதாட்டம், ஆடம்பரம், நஷ்டத்துக்குச் சரியான கணக்குக் காட்டாதது என்று போகிறது பட்டியல். அதில் ஒன்று இரண்டாவது தடவை வருகிறவருக்காகவே எழுதியது: முன்பு எப்போதாவது நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலோ, கடன்காரர்களோடு இத்தனை பைசா தருகிறேன் என்று ஒப்பந்தம் செய்திருந்தாலோ, முழு டிஸ்சார்ஜ் கிடையாது. கோர்ட் மறுக்கலாம், இத்தனை காலம் கழித்துத்தான் அமலாகும் என்று நிறுத்திவைக்கலாம், இனிமேல் வரும் சம்பாத்தியத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம். இரண்டாவது ஐ.பி.யில் நுழைவது எளிது, வெளியே வருவது கஷ்டம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இங்கே கணக்குப் புத்தகம்தான் உங்களைக் காப்பாற்றும். நம் ஆட்களிடம் கணக்கு இல்லாமல் இல்லை. இருக்கும் இடம்தான் வேறு. கட்டிங் டேபிள் டிராயரில் டி.சி. புக், ஃபோர்மன் பையில் பீஸ் கணக்கு நோட்டு, சனிக்கிழமைச் சம்பளம் எழுதிய நீளக் கணக்குப் புத்தகம், ஆடிட்டரிடம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், கேன்சல் ஆன ஆர்டர் பற்றி மெர்ச்சன்டைசர் அனுப்பிய வாட்ஸ்அப். எல்லாவற்றையும் மூன்று வருஷத்துக்கு எடுத்து அடுக்குங்கள். வாட்ஸ்அப் செய்தியைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து, போனையும் பத்திரமாக வையுங்கள். எத்தனை பீஸ் தைத்தோம், எவ்வளவு ரிஜெக்ட், எந்த பில் வரவில்லை என்று ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி நஷ்டம் தெரிய வேண்டும். மீட்டர் வட்டிக்காரருக்குக் கொடுத்ததும் அதில் வரட்டும். 2003-ஆம் வருஷக் கந்துவட்டித் தடைச் சட்டத்தை நீங்கள் பயன்படுத்த வேண்டுமானாலும் அந்தக் குறிப்புதான் ஆதாரம்.

ஐ.பி. போடும் எண்ணம் வந்ததும் நம் ஊரில் முதலில் போகும் இடம் பத்திர ஆபீஸ். வீட்டை மனைவி பேருக்கு, பூமியை மகன் பேருக்கு செட்டில்மென்ட். இது வேலைக்கு ஆகாது. ஐ.பி. மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் இனாமாக எழுதிக் கொடுத்ததை ரிசீவர் பிரிவு 53-ன் கீழ் உடைக்கலாம். மூன்று மாதத்துக்குள், மற்றவர்களை விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்காரர் கடனை மட்டும் அடைத்திருந்தால் பிரிவு 54 அதையும் திருப்பிக் கேட்கும். இரண்டாவது தடவை வருகிறவரின் பத்திரங்களை எதிர்த்தரப்பு இரண்டு மடங்கு உற்றுப் பார்க்கும்.

ஐ.பி. எதையெல்லாம் தடுக்காது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். அடமானம் வாங்கிய வங்கியை அது தடுக்காது. சர்ஃபேசி நோட்டீஸ் வந்த வீடு ஐ.பி.யால் தப்பாது. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி டிஸ்சார்ஜ் ஆனாலும் போகாது, ஜி.எஸ்.டி. உட்பட. மோசடியால் வந்த கடனும் அப்படியே. உங்களோடு கையெழுத்துப் போட்ட பார்ட்னரும் ஜாமீன்தாரரும் உங்கள் டிஸ்சார்ஜால் விடுபட மாட்டார்கள். மனைவி ஜாமீன் போட்டிருந்தால் கடன் அவர் தலையில் நிற்கும். ஆனால் பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 56-ஆம் பிரிவு சொல்கிறது. வசூலுக்கு வருகிறவர் மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்.

செக் ரிட்டர்ன் கேஸ் தனி. அது கிரிமினல். ஐ.பி. நம்பரைக் காட்டினால் மாஜிஸ்ட்ரேட் கேஸை மூடிவிட மாட்டார். புதிய திவால் சட்டத்தில் மனுப் போட்டதுமே இடைக்காலத் தடை வந்துவிடுகிறது. அந்தத் தடைகூட செக் கேஸை நிறுத்தாது என்று 2025 ஏப்ரலில் ராகேஷ் பானோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் வெளியே கிடந்தால் அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

யூனிட் பிரைவேட் லிமிடெட்டாக இருந்து, வங்கிக் கடனுக்கு டைரக்டராகிய நீங்கள் ஜாமீன் போட்டிருந்தால், அந்த ஜாமீன் பொறுப்புக்கு மேலே சொன்னது பொருந்தாது. கம்பெனியின் பதிவு அலுவலகம் தமிழ்நாட்டில் இருந்தால், நீங்கள் போக வேண்டியது கம்பெனிகளுக்கான தேசியத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. அங்கே பிரிவு 94-ல் மாதக் கணக்கு உண்டு: முந்தைய 12 மாதத்துக்குள் உங்கள்மீது இப்படி ஒரு மனு அனுமதிக்கப்பட்டிருந்தால் புது மனு போட முடியாது. திவாலாகி டிஸ்சார்ஜ் ஆகாமல் இருப்பவரும், ஏற்கெனவே இந்த நடவடிக்கையில் இருப்பவரும் போட முடியாது. புரொப்ரைட்டராகப் பட்ட கடனையும் டைரக்டராகப் போட்ட ஜாமீனையும் ஒரே மனுவில் கலக்க நினைக்காதீர்கள்.

ஐ.பி.க்கு முன்னால் ஒன்று பாருங்கள். உங்களுக்கு வர வேண்டிய பணம் எவ்வளவு? உத்யம் பதிவு உள்ள சிறு யூனிட்டுக்கு, வேலையை வாங்கிக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளில் பில் தொகையைக் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருஷச் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. பெரிய கம்பெனியைப் பகைத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று யாரும் கேட்பதில்லை. தொழிலையே மூடுகிற நிலைக்கு வந்த பிறகு அந்தத் தயக்கத்துக்கு அர்த்தமில்லை. எப்படியும் வர வேண்டிய பாக்கியை ஐ.பி. மனுவில் உங்கள் சொத்தாகக் காட்டித்தான் ஆக வேண்டும்.

வங்கிக் கடன் இன்னும் வாராக்கடன் ஆகவில்லை என்றால், சிறுதொழில் மறுசீரமைப்புக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் போட்ட விதி அது. வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதோடு, தான் சிறுதொழில் என்பதை நேரத்தில் ஆதாரத்தோடு வங்கிக்குச் சொல்ல வேண்டியது கடன் வாங்கியவர் பொறுப்பு என்றும் சொன்னது. வீட்டை ஏலம் போட்ட பிறகு போய்ச் சொன்னால் எடுபடாது.

இத்தனைக்கும் முதல் வேலை, பழைய ஐ.பி.யின் நம்பரும் கடைசி ஆர்டரும். பல்லடம் ரோடு கோர்ட் வளாகத்தில் நகல் பிரிவில் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். 2009-ல் மாவட்டம் பிரிவதற்கு முன் கோவையில் தாக்கல் செய்திருந்தால் தேடலை அங்கிருந்து தொடங்க வேண்டும். நம்பர் மறந்துவிட்டால் அன்று உங்களுக்கு வந்த ஏதாவது ஒரு நோட்டீஸ் கவரைத் தேடுங்கள், அதன் மூலையில் எழுதியிருக்கும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் அதே வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. நகல் மனுவை ஏப்ரலுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.